க்ரூஸ் கப்பலில் சாப்பாடும் பரிமாறலும்: தரத்தை எப்படி அறிவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு வருடம் க்ரூஸ் கப்பல்களில் வேலை பார்த்தேன். முதலில் அசிஸ்டன்ட் வெயிட்டர், பிறகு வெயிட்டர். கரைக்கு வந்த பிறகு, கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்த சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் முதலில் கேட்பது, "சாப்பாடு நல்லா இருக்குமா?" என்பதைத்தான். அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சமையல் எப்படி இருக்கும் என்பது ஒன்று, பரிமாறல் எப்படி இருக்கும் என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்தால் உங்கள் பயணமும் நன்றாக இருக்கும், உங்களுக்குப் பரிமாறுகிறவருக்கும் நியாயம் கிடைக்கும். அதற்காகவே இதுவரை என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்து எழுதுகிறேன்.

கப்பல் சாப்பாட்டை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

நட்சத்திர ஹோட்டலோடு ஒப்பிட வேண்டாம். நல்ல கல்யாணப் பந்தியோடு ஒப்பிடுங்கள்.

ஹோட்டலில் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக வரும், சமையல்காரரும் ஒவ்வொன்றாகச் செய்து அனுப்புவார். கப்பலின் மெயின் டைனிங் ரூமில் சில நூறு பேர் ஒரே நேரத்தில் உட்காருகிறார்கள். பெரிய கப்பல் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். 2024 ஜனவரியில் ஓட ஆரம்பித்த ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் அறைக்கு இரண்டு பேர் என்று கணக்கிட்டாலே 5,610 பயணிகள். எல்லாக் கட்டில்களும் நிரம்பினால் ஏறக்குறைய 7,600. இவர்களுக்கும் கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கும் காலை முதல் நள்ளிரவு வரை சமையல் நடக்கிறது.

ஊரில் பந்திக்குப் போனால் நாம் எதைக் கவனிப்போம்? முதல் பந்தியில் ருசித்த சாம்பார் மூன்றாம் பந்தியில் நீர்த்துவிட்டதா, சாதம் விழுந்த கையோடு குழம்பு வருகிறதா, அப்பளம் நமுத்திருக்கிறதா, ரசத்துக்காக இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார வைக்கிறார்களா. அதே கண்ணோடு கப்பலிலும் பாருங்கள். ஒரு நாள் ஒரு பதார்த்தம் அபாரமாக இருந்தது என்பதைவிட, ஏழு நாளும் சூடு, உப்பு, பதம், நேரம் நான்கும் தவறாமல் இருந்தனவா என்பதுதான் அந்தக் கப்பலின் சமையலைச் சொல்லும்.

ஏறிய முதல் நாள் மதியம் பஃபேயில் சாப்பிட்டேன், சுமாராக இருந்தது. இனி எல்லாம் அப்படித்தானா?

இல்லை. அந்த ஒரு வேளையைக் கணக்கில் எடுக்காதீர்கள். அன்று காலைதான் பழைய பயணிகள் இறங்கியிருப்பார்கள். அந்தச் சில மணி நேரத்துக்குள் பயணம் முழுவதற்குமான மளிகை, காய்கறி, இறைச்சி எல்லாம் மரப்பலகைத் தட்டுகளில் அடுக்கடுக்காகக் கப்பலில் ஏறும். ஊழியர்களில் ஒரு பகுதியினர் ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போக, புதியவர்கள் வந்து சேர்வார்கள். பாதுகாப்புப் பயிற்சியும் அன்றுதான். இத்தனைக்கும் நடுவே புதிதாக ஏறியவர்கள் எல்லோரும் பசியோடு ஒரே தளத்துக்கு வருவார்கள்.

இரண்டாம் நாள் இரவிலிருந்து மதிப்பிடுங்கள்.

எதை வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தால் சமையலின் தரம் சட்டென்று தெரியும்?

எளிமையானவற்றை. லாப்ஸ்டர் (சிங்கி இறால்) பரிமாறும் இரவை வைத்துக் கப்பலைப் புகழ்கிறவர்கள் உண்டு. லாப்ஸ்டர் விலை உயர்ந்த பொருள், அவ்வளவுதான். அது தட்டில் இருந்தால் சமையல் உயர்ந்துவிட்டது என்று ஆகாது.

நான் முதலில் பார்ப்பது பன்னும் ரொட்டியும். பெரிய கப்பல்களில் இவற்றை இரவெல்லாம் கப்பலிலேயே சுடுகிறார்கள். மேலே மொறுமொறுப்பும் உள்ளே ஈரமும் இருந்தால் பேக்கரிப் பிரிவு ஒழுங்காக நடக்கிறது. காலையில் சுட்டதையே இரவில் வைத்தால் பிய்க்கும்போதே உதிரும்.

அடுத்தது சூப். எலும்பையோ காய்களையோ போட்டு மெதுவாகக் கொதிக்க வைத்து எடுத்த சாறில் செய்ததா, பொடியைக் கரைத்துச் செய்ததா என்பது இரண்டாவது கரண்டியில் தெரிந்துவிடும். பொடி சூப்பில் உப்பு முன்னால் வந்து நிற்கும், பின்னால் ருசி எதுவும் தங்காது.

மூன்றாவது மீன். கப்பலில் வரும் மீன் பெரும்பாலும் உறைய வைத்தது. கடல் நடுவில் இருக்கிறோமே, பிடித்த மீன் கிடைக்காதா என்று பலர் கேட்பார்கள். கிடைக்காது. கொள்முதல் எல்லாம் துறைமுகத்தில், முன்கூட்டியே ஒப்பந்தம் செய்த வியாபாரிகளிடம்தான். உறைய வைத்த மீனாக இருப்பது குறையே இல்லை. அதை நிதானமாக உருக வைத்து, தண்ணீர் விடாமல், இதழ் இதழாகப் பிரியும் பதத்தில் இறக்கினார்களா என்று பாருங்கள். ரப்பர் மாதிரி இழுத்தால், வெந்த பிறகும் சூட்டுப் பெட்டிக்குள் நெடுநேரம் கிடந்திருக்கிறது.

காலையில் முட்டை. பஃபே தட்டில் குவித்து வைத்திருக்கும் முட்டைப் பொரியல் பெரும்பாலும் பாக்கெட்டில் வரும் பாஸ்டரைஸ் செய்த, அதாவது கிருமி சாகும்படி சூடுபடுத்திய திரவ முட்டை. பாதுகாப்பானது, ஆனால் ருசி மந்தம். ஆம்லெட் போடும் இடத்தில் "ஓட்டு முட்டை உடைத்துப் போட முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பல கப்பல்களில் போட்டுத் தருவார்கள்.

நீண்ட பயணமாக இருந்தால் ஐந்தாம், ஆறாம் நாளில் சாலட்டையும் பழத்தட்டையும் கவனியுங்கள். முதல் நாள் யார் வேண்டுமானாலும் பச்சைப் பசேல் என்று கீரை வைக்கலாம். ஆறாம் நாளும் இலை வாடாமல் வந்தால், கீழே குளிர்சாதன அறையில் ஒருவர் பழையது தேங்காமல் பொறுப்பாகச் சரக்கைப் புரட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அவரை நீங்கள் பார்க்கவே போவதில்லை. அவர் உழைப்பை அந்த இலையில்தான் பார்க்க முடியும்.

சாப்பாடு ஏன் சில நாள் ஆறிப்போய் வருகிறது?

மேசைக்கும் சமையலறைக்கும் உள்ள தூரம் முதல் காரணம். வெயிட்டரும் அசிஸ்டன்ட்டும் சேர்ந்து ஒரு நேரத்தில் சுமார் 20 பேரைக் கவனிப்போம். சில கப்பல்களில் அதைவிட அதிகம். சமையலறையில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனி வரிசை. எல்லாத் தட்டுகளையும் வாங்கி, மூடி போட்டு, ஒரே ட்ரேயில் 10, 12 தட்டுகளாக அடுக்கித் தோளில் தூக்கி வருவோம். கிரில் வரிசையில் 5 நிமிடம் தாமதம் என்றால், முதலில் வாங்கிய பாஸ்தா அந்த 5 நிமிடமும் ட்ரேயில் ஆறும்.

இதற்கு வெயிட்டர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாமதமாகும் தட்டை முதலில் சொல்லிவைத்து, ஆறக்கூடியதைக் கடைசியில் வாங்குவது. அனுபவமுள்ளவர் செய்வார். ஆனால் கிரில்லில் ஆள் குறைவு என்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? தட்டைத் தொட்டுப் பாருங்கள். தட்டு சூடாகவும் உணவு ஆறியும் இருந்தால், வழியில் அல்லது மேசையருகே தாமதம். தட்டே சில்லென்று இருந்தால், சமையலறையிலேயே தட்டைச் சூடு செய்யாமல் பரிமாறியிருக்கிறார்கள். இது நூற்றுக்கு நூறு சரியாக வரும் சோதனை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் பல தடவை உதவியிருக்கிறது.

பஃபேயில் சூடு என்பது ருசி விஷயம் மட்டுமில்லை, பாதுகாப்பு விஷயமும்கூட. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களுக்கான சுகாதார விதிப்படி, சூடாக இருக்க வேண்டியது 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்து இருக்க வேண்டியது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. வெதுவெதுப்பாக இருக்கும் கோழியை எடுக்காதீர்கள். அங்கே நிற்கிற ஊழியரிடம் சொல்லுங்கள், மாற்றிவிடுவார்.

நல்ல பரிமாறல் என்றால் என்ன? சிரித்த முகமா?

சிரித்த முகம் எல்லோருக்கும் கற்றுத்தரப்படுவது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அப்படித்தான். அதைத் தாண்டிப் பாருங்கள்.

எங்கள் தொழிலில் உள்ளே இருப்பவர்கள் முதலில் கவனிப்பது, தட்டை வைக்கும்போது "சிக்கன் யாருக்கு?" என்று கேட்கிறாரா என்பதைத்தான். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஓர் எண் உண்டு. ஆர்டர் எடுக்கும்போதே எந்த எண்ணுக்கு என்ன என்று குறித்திருக்க வேண்டும். குறித்திருந்தால் கேட்காமலே சரியான ஆளுக்கு முன்னால் சரியான தட்டு வந்து உட்காரும். எட்டுப் பேர் மேசையில் ஒரு வார்த்தை கேட்காமல் எட்டுத் தட்டையும் வைக்கிறவர் கைதேர்ந்தவர்.

பிறகு, கறி வருவதற்கு முன்பே அதற்கான கத்தி வந்துவிட்டதா? ஒரே மேசையில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றாகத் தட்டு வந்ததா, இல்லை ஒருவர் சாப்பிட்டு முடிக்கும்போது அடுத்தவருக்கு வருகிறதா? எல்லோரும் முடித்த பிறகு தட்டுகளை எடுத்தாரா? மெதுவாகச் சாப்பிடும் வயதானவர் இருக்கும்போது சுற்றி உள்ளவர்களின் தட்டுகளை எடுத்துவிட்டால், அவர் பாவம், அவசர அவசரமாக விழுங்குவார். குழந்தை இருந்தால் அதன் சாப்பாடு முதலில் வந்ததா? முதல் இரண்டு வாய் சாப்பிட்டதும் வந்து "எப்படி இருக்கிறது?" என்று கேட்டாரா, அல்லது தட்டு காலியான பிறகா? காலியான பிறகு கேட்பதில் பயனில்லை. சரி செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியதாகத் தோன்றுவது உண்மையான பரிந்துரை. "இன்று மீனைவிட ஆட்டுக்கறி நன்றாக வந்திருக்கிறது" என்று ஒரு வெயிட்டர் சொன்னால், அவர் சமையலறையில் எட்டிப் பார்த்துவிட்டு, உங்களுக்காக யோசித்துவிட்டு வந்திருக்கிறார். எதைக் கேட்டாலும் "எல்லாமே அருமை" என்கிறவரிடம் அடுத்த நாள் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாம் இரவும் பாருங்கள். முதல் இரவில் நீங்கள் ஐஸ் வேண்டாம் என்று சொன்னது அவருக்கு நினைவிருக்கிறதா?

நேரம் குறித்த மேசை நல்லதா, விருப்பப்பட்ட நேரத்தில் போவது நல்லதா?

பரிமாறலுக்கு நேரம் குறித்த மேசைதான். தினமும் அதே மேசை, அதே வெயிட்டர். மூன்றாம் நாளில் உங்கள் பழக்கம் அவருக்குப் பாடமாகிவிடும். விருப்பப்பட்ட நேரம் என்கிற முறையை 2000-இல் நார்வீஜியன் க்ரூஸ் லைன் ஃப்ரீஸ்டைல் என்ற பெயரில் பெரிய அளவில் கொண்டுவந்தது, பிறகு மற்றவர்களும் தங்கள் தங்கள் பெயரில் கொண்டுவந்தார்கள். வசதிதான். ஆனால் ஒவ்வொரு இரவும் புது ஆள், புது அறிமுகம். டிஸ்னி கப்பல்களில் வேறு மாதிரி: பயணிகள் இரவுக்கு ஓர் உணவகம் என்று மாறுவார்கள், பரிமாறுகிறவர்களும் அவர்கள் கூடவே மாறிப்போவார்கள்.

ஒரு விஷயம். முதல் பந்தி நேரத்தில் உட்கார்ந்தால், இரண்டாம் பந்திக்கு மேசையைத் தயார் செய்ய வேண்டியிருப்பதால் கொஞ்சம் வேகப்படுத்துவார்கள். நிதானமாகப் பேசிச் சாப்பிட விரும்புகிறவர்கள் இரண்டாம் பந்தியைக் கேளுங்கள்.

நாங்கள் சைவம். மெனுவில் சைவம் என்று போட்டிருந்தால் நம்பலாமா?

கேட்டுவிட்டு நம்புங்கள். மேலை நாட்டுச் சமையலில் சைவம் என்றால் முட்டையும் சேர்த்தி. அது போகச் சைவமாகத் தெரிகிற பலவற்றில் அசைவம் ஒளிந்திருக்கும். பிரெஞ்சு வெங்காய சூப் மாட்டிறைச்சிச் சாறில் செய்யப்படுவது வழக்கம். சீசர் சாலட்டின் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன் இருக்கும். தாய்லாந்துக் கறி காய்கறியாக இருந்தாலும் மீன் சாஸோ இறால் விழுதோ கலந்திருக்கும். மூஸ், பன்னா கோட்டா, சில சீஸ் கேக் போன்ற இனிப்பு வகைகளில் ஜெலட்டின், அதாவது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. அசல் பார்மெசான் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்த்துச் செய்வது. இதில் எது உங்களுக்குச் சரி, எது ஆகாது என்பது உங்கள் வீட்டு வழக்கம். ஆனால் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு பயணத்தில் மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர் மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். என் பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டு நான்காம் நாள், "தம்பி, நீ தமிழாப்பா?" என்றார். மூன்று நாளாகப் பழமும் ரொட்டியும்தான் சாப்பிட்டிருக்கிறார். "எதில் என்ன கலந்திருக்கோன்னு பயம்ப்பா. கேட்டா தப்பா நினைச்சுக்குவாங்களோன்னு இருந்துட்டேன்." எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் உட்கார்ந்தது வேறு ஒருவருடைய மேசை. ஹெட் வெயிட்டரிடம் போய்ச் சொன்னேன். அன்று இரவே சமையலறையில் இருந்த இந்தியச் சமையல்காரர் பருப்பு, சாதம், உருளைக்கிழங்கு வறுவல் செய்து அனுப்பினார். கடைசி நாள் வரை தினமும் வந்தது.

அந்தக் கப்பலில் முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும். பல பெரிய நிறுவனங்கள் இந்தியச் சைவ உணவை முன்கூட்டிச் சொன்னால் செய்து தருகின்றன. டிக்கெட் எடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள். ஏறியதும் ஹெட் வெயிட்டரிடம் நேரில் ஒரு தடவை சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு இரவும் மறுநாளுக்கானதைச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். இந்த மூன்றும் செய்தால் போதும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு தடவையும், அடுத்து வரும் தமிழ்க் குடும்பத்துக்கு அது எளிதாகிறது.

இந்திய உணவு வைத்திருக்கிறார்கள், ஆனால் சப்பாத்தி ஏன் நம் வீட்டு மாதிரி இல்லை?

தீ இல்லாததால். தீ விபத்து அபாயம் காரணமாகப் பெரிய பயணிகள் கப்பல்களின் சமையலறையில் கேஸ் அடுப்பு கிடையாது, எல்லாம் மின்சாரம்தான். நேரடி நெருப்பில் உப்பவேண்டிய புல்காவும், கரி தந்தூரில் வேகவேண்டிய நானும் அதே வாசனையோடு வராது. தோசை தட்டைக் கல்லில் ஓரளவு நன்றாகவே வரும். குழம்பு, பருப்பு, பிரியாணி போன்றவற்றை வைத்து இந்தியச் சமையலை மதிப்பிடுங்கள். அதுதான் நியாயம்.

இந்தியாவிலிருந்து புறப்படும் கப்பல்களில் எப்படி?

அங்கே கணக்கு வேறு. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓட ஆரம்பித்த கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் 1990-இல் கட்டிய கப்பல். சென்னையிலிருந்தும் பயணங்கள் நடத்தியிருக்கிறது, இலங்கைத் துறைமுகங்களுக்கும் போயிருக்கிறது. இந்தியப் பயணிகளுக்காகவே நடத்துவதால் சைவமும் ஜைன உணவும் வழக்கமான மெனுவிலேயே உண்டு. எனவே சைவம் கிடைக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. பெரும்பாலும் சில இரவுப் பயணம் என்பதால் எல்லோரும் எல்லா வேளையும் ஒரே நேரத்தில் பஃபேக்கு வருவார்கள். கூட்ட நேரத்தில் தட்டுகள் எவ்வளவு சீக்கிரம் நிரப்பப்படுகின்றன, மேசைகள் எவ்வளவு சீக்கிரம் துடைக்கப்படுகின்றன என்பதைப் பாருங்கள்.

தனியாகக் காசு வாங்கும் உணவகங்கள் தேவையா? டிக்கெட்டில் சாப்பாடும் சேர்த்திதானே?

இது புதுப் பழக்கம் என்று பலர் கோபப்படுகிறார்கள். உண்மையில் நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1905-இல் 'அமெரிக்கா' என்ற பெயர் கொண்ட ஜெர்மானியக் கப்பலில் ரிட்ஸ் பெயரில் தனிக்கட்டண உணவகம் இருந்தது. 1912-இல் டைட்டானிக்கிலும் முதல் வகுப்புப் பயணிகளுக்கு அப்படி ஓர் உணவகம் இருந்தது. லூயிஜி காட்டி என்பவர் அதை நடத்தினார்.

என் கருத்து: ஏழு நாள் பயணத்தில் ஒரு தடவை போகலாம். அங்கே மேசைகள் குறைவு, சமையல் ஆர்டருக்கு ஏற்பச் செய்யப்படுகிறது. அதனால் அதை உண்மையாகவே ஹோட்டலோடு ஒப்பிடலாம். காசு வாங்கிவிட்டு ஸ்டேக்கின் பதம் தவறினால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். சில கப்பல்களில் அதே உணவகம் கடலில் இருக்கும் நாட்களில் மதியம் குறைந்த கட்டணத்தில் திறந்திருக்கும், விசாரித்துப் பாருங்கள். ஆனால் ஒன்று. மெயின் டைனிங் ரூமில் ஆறு நாளும் ருசியில்லாமல் போட்டு, நல்ல சாப்பாட்டுக்காகக் காசு கொடுக்க வைக்கும் கப்பலுக்கு நான் நல்ல மதிப்பெண் தரமாட்டேன். டிக்கெட்டில் சேர்ந்த சாப்பாடுதான் எல்லோரும் சாப்பிடுவது.

சுத்தமாக இருக்கிறார்களா என்று பயணிக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் சர்வதேசப் பயணக் கப்பல்களை அந்த நாட்டின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி, 1970-களிலிருந்து நடத்திவரும் சுகாதாரத் திட்டத்தின் கீழ்ச் சோதிக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் வருவார்கள். 100 மதிப்பெண்ணுக்கு 86-உம் அதற்கு மேலும் தேர்ச்சி, 85-உம் அதற்குக் கீழும் தோல்வி. மதிப்பெண்ணும், எந்தக் குறைக்கு எவ்வளவு கழித்தார்கள் என்ற விவரமும் பொதுமக்கள் பார்க்கக் கிடைக்கும். கப்பலின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தாமல் கழித்த காரணங்களைப் படியுங்கள். உடைந்த தரை ஓட்டுக்குப் போன மதிப்பெண்ணும், குளிர்ப் பெட்டியின் வெப்பநிலைக்குப் போன மதிப்பெண்ணும் ஒன்றல்ல. ஆசியாவுக்குள் மட்டும் ஓடும் கப்பல் இந்தப் பட்டியலில் இருக்காது.

அந்தச் சோதனைக்காரர்கள் வந்த நாட்களில் எங்களுக்குக் கை நடுங்கும். ஆனால் அந்த நடுக்கம்தான் மற்ற நாட்களிலும் எங்களைத் தெர்மாமீட்டரோடு நிற்க வைத்தது. அதற்கு நான் நன்றியுள்ளவன்.

நீங்களே பார்க்கக்கூடியவை: பஃபே கரண்டிகளை அடிக்கடி மாற்றுகிறார்களா, நுழைவாயிலில் கை கழுவும் தொட்டி இருக்கிறதா, மேசை துடைக்கும் துணி எந்த நிறத்தில் இருக்கிறது. வயிற்றுப்போக்கும் வாந்தியும் உண்டாக்கும் நோரோ வைரஸ்தான் கப்பல்களில் அடிக்கடி பேசப்படுவது. கையில் தடவும் ஆல்கஹால் ஜெல் அதை நன்றாகத் தடுக்காது. சோப்பும் தண்ணீரும் போட்டு 20 விநாடி கழுவுவதுதான் சரி. சில கப்பல்களில் முதல் இரண்டு நாள் பஃபேயில் நம்மை எடுத்துக்கொள்ள விடாமல் ஊழியர்களே பரிமாறுவார்கள். இந்தத் தொற்று பரவாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள், அலுத்துக்கொள்ள வேண்டாம்.

டீ, காபி ஏன் வேறு மாதிரி ருசிக்கிறது?

தண்ணீர். கடல் நீரை உப்பு நீக்கி, குளோரின் சேர்த்துத் தருகிறார்கள். குடிக்கப் பாதுகாப்பானதுதான்.

உணவு ஒவ்வாமை இருந்தால்?

டிக்கெட் எடுக்கும்போதே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கப்பலில் ஹெட் வெயிட்டர் முந்தின இரவே மறுநாள் மெனுவைக் கொண்டுவந்து காட்டி ஆர்டர் எடுக்க வேண்டும். நீங்களாகக் கேட்காமலே அவர் வந்தால் அந்தக் கப்பலில் முறை இருக்கிறது. கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் பஃபேயைத் தவிருங்கள். ஒரு கரண்டி இடம் மாறினாலே போதும், ஆபத்து.

குறை இருந்தால் யாரிடம், எப்போது சொல்வது?

அந்த வேளையிலேயே, வெயிட்டரிடம். அங்கே தீராவிட்டால் ஹெட் வெயிட்டரிடம். அதுவும் போதாவிட்டால் உணவக மேலாளரிடம். ஒருவர் சாப்பிட முடியாத தட்டை மாற்றித் தருவது கப்பலில் சாதாரண விஷயம், அதற்குக் காசு கிடையாது.

என் இரண்டாவது ஒப்பந்தத்தில் ஒருவருக்கு ஸ்டேக் மூன்று இரவு ஆறிப்போய் வந்தது. கிரில்லில் அந்த வாரம் ஆள் குறைவு. அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்டபோதும் "நல்லா இருக்கு" என்று சிரித்தார். இறங்கிய பிறகு மதிப்பீட்டுப் படிவத்தில் சாப்பாடு ஆறியது என்றும் பரிமாறல் மோசம் என்றும் எழுதி, மிகக் குறைந்த மதிப்பெண் போட்டுவிட்டார். அடுத்த பயணத்தில் என்னை ஓரத்து மேசைகளுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முதல் இரவே சொல்லியிருந்தால் அவருடைய ஸ்டேக்கை மட்டும் தனியாகப் போய் வாங்கி வந்திருப்பேன். அவருக்கும் மூன்று இரவு வீணாகியிருக்காது.

டிப்ஸ் கட்டாயமா? சாப்பாடு பிடிக்காவிட்டால் குறைக்கலாமா?

அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும். அறை சுத்தம் செய்கிறவர், வெயிட்டர், கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்கிறவர்கள் என்று அது பிரிந்து போகும். பல நிறுவனங்களில் வரவேற்பு மேசையில் சொல்லிக் குறைக்கவோ நீக்கவோ முடியும்.

நீக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சூப்பில் உப்பு அதிகம் என்றால் அந்தத் தண்டனை அறை சுத்தம் செய்கிறவருக்கும் போய்ச் சேர்கிறது. பல மாதங்கள் நீளும் ஒப்பந்தம், வாரத்தில் ஏழு நாளும் வேலை. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அவர்களுக்கு உறுதி செய்வது 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு. அந்த டிப்ஸ் பணத்தில்தான் ஊரில் வீடு கட்டுகிறார்கள், தங்கையைப் படிக்க வைக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

மற்றவர்கள் எழுதும் விமர்சனங்களை எவ்வளவு நம்பலாம்?

"சாப்பாடு படு மோசம்", "சொர்க்கம்" போன்றவற்றைத் தாண்டிப் போங்கள். எந்த உணவகத்தில், எந்த வேளையில், எந்த மாதத்தில், என்ன சாப்பிட்டார் என்று எழுதியிருப்பவரை நம்புங்கள். பள்ளி விடுமுறையில் நிரம்பி வழியும் கப்பலும், பிப்ரவரியில் பாதி நிறைந்த கப்பலும் ஒரே மாதிரி பரிமாறாது. ஒரு வருடத்துக்கு முந்தைய விமர்சனத்தை மெனு விஷயத்தில் கணக்கில் எடுக்க வேண்டாம், மாறியிருக்கும். ஒரே குறையைப் பலர் வெவ்வேறு பயணங்களில் சொல்லியிருந்தால் அது அந்தக் கப்பலின் குறைதான்.

இறங்கிய பிறகு வரும் மதிப்பீட்டுப் படிவத்தில் என்ன எழுதுவது?

சமையலையும் பரிமாறலையும் பிரித்து எழுதுங்கள். "மீன் இரண்டு இரவு காய்ந்து வந்தது. சொன்னதும் வெயிட்டர் உடனே மாற்றித் தந்தார்" என்று எழுதினால், முதல் வாக்கியம் சமையலறைக்குப் போகும், இரண்டாவது வாக்கியம் அந்த வெயிட்டருக்குப் போகும். பரிமாறியவரின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள், அசிஸ்டன்ட்டின் பெயரையும் சேர்த்து. பெயர் குறிப்பிட்ட பாராட்டு அவருடைய பதவி உயர்வுக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கும் கணக்கில் வரும். கடைசி இரவே அவர்களுடைய பெயர்ப் பட்டையை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துப் படிவம் வரும்போது முகம் நினைவிருக்கும், பெயர் மறந்திருக்கும்.